பதக்கம் உண்டு, பிழைப்பு இல்லை: பிலிப்பைன்ஸ் விளையாட்டுப் பெண்கள்



பெண்களும் விளையாட்டும் என்று பொதுவாக ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு பேசலாம். அப்படிப் பேசினால் நாலு வாழ்த்துச் சொல்லோடு முடிந்துவிடும். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டேன். பிலிப்பைன்ஸ். காரணம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்த நாடு வென்றது 4 தங்கம். பளுதூக்குதலில் ஒன்று, தனிநபர் கோல்ஃபில் ஒன்று, அணி கோல்ஃபில் ஒன்று, ஸ்கேட்போர்டில் ஒன்று. நான்கையும் கொண்டுவந்தவர்கள் பெண்கள். ஆண்களின் கணக்கில் ஒரு தங்கம்கூட இல்லை. அந்த நாடு 1924இலிருந்து ஒலிம்பிக்குக்குப் போய்வருகிறது. முதல் தங்கத்துக்கு 2021 வரை காத்திருந்தது. அதையும் ஒரு பெண்தான் தேடித் தந்தார். இப்படி வென்று கொடுக்கும் பெண்கள் இருக்கும் நாட்டிலேயே, விளையாட்டை நம்பி ஒரு பெண் குடும்பம் நடத்த முடிவதில்லை. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் லிடியா டி வேகா. நம் தலைமுறைக்கு மறந்துபோன பெயர். உங்கள் தலைமுறைக்குத் தெரியவே வாய்ப்பில்லாத பெயர். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் பி.டி. உஷா தங்கம் வாங்குவார் என்று நாம் எல்லோரும் காத்திருந்தோம். உஷாவுக்குக் கிடைத்தது வெள்ளி. தங்கம் வாங்கியவர் மணிலாவை அடுத்த புலாக்கான் மாகாணத்து மெய்க்காவயான் ஊரைச் சேர்ந்த 17 வயதுப் பெண். நான்கு ஆண்டு கழித்து சியோலிலும் 100 மீட்டரில் உஷாவை முந்தியவர் அவரே. ஆசியாவின் அதிவேகப் பெண் என்று அவரைக் கொண்டாடினார்கள். அவர் கதையைப் படமாகவும் எடுத்தார்கள்.

அதன் பிறகு இருவர் வாழ்க்கையும் எப்படிப் போனது என்று பாருங்கள். உஷாவுக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை இருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அதே தெற்கு ரயில்வே. ஓடும்போதும் சம்பளம் வந்தது, ஓட்டத்தை நிறுத்திய பிறகும் வந்தது. இந்திய விளையாட்டுத் துறையில் குறைகள் ஏராளம். ஆனால் ரயில்வே, காவல்துறை, வங்கிகள் என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்ற ஒன்று இங்கே இருக்கிறது. இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் பலர் வீட்டிலும் அந்தக் கனவு இருக்கும். லிடியாவின் நாட்டில் அவ்வளவு பரந்த ஏற்பாடு இல்லை. ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரில் நகரமன்ற உறுப்பினராகச் சில காலம் இருந்து, 2005இல் பயிற்சியாளர் வேலைக்குச் சிங்கப்பூர் போனார். சிங்கப்பூர்க் குழந்தைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்துத்தான் ஆசியாவின் அதிவேகப் பெண் பிழைத்தார். 2022இல் புற்றுநோய் முற்றியபோது, சிகிச்சைக்கு உதவுங்கள் என்று அவர் மகள் பொதுமக்களிடம் வேண்டுகோள் வைக்க வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் லிடியா காலமானார். வயது 57.

இது 1980களின் கதை, இப்போது நிலைமை மாறியிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். சரி, இன்றைய கதைக்கு வருவோம்.

ஹிடிலின் டியாஸ். தென்கோடியில் இருக்கும் சம்போவாங்கா நகரத்துப் பெண். அப்பா ட்ரைசிக்கிள் ஓட்டியவர். அதாவது பக்கவண்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைத்தவர். சிமெண்டை வார்த்துச் செய்த எடைகளைத் தூக்கித்தான் அந்தப் பெண் பழகினார். வங்கியில் வேலை பார்க்க வேண்டும் என்பது சிறுவயது ஆசை. 17 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக், பிறகு லண்டன், இரண்டிலும் வெறுங்கை. 2016 ரியோவில் வெள்ளி. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பிலிப்பைன்ஸ் பெண் அவர். 2018 ஆசிய விளையாட்டில் தங்கம்.

ஒலிம்பிக் வெள்ளியும் ஆசியத் தங்கமும் கையில் இருக்கும் ஒருவர் 2019இல் என்ன செய்தார் தெரியுமா? டோக்கியோவுக்குத் தயாராகப் பணம் போதவில்லை, தனியார் நிறுவனங்களிடம் உதவி கேட்கலாமா, கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்ற பொருளில் இன்ஸ்டாகிராமில் எழுதினார். இந்த ஒரு செய்தியை நான் மறக்கவே முடியாமல் வைத்திருக்கிறேன். ஒலிம்பிக்கில் இரண்டாவது இடம் பிடித்த பளுதூக்கும் வீராங்கனைக்கு அடுத்த ஒலிம்பிக்குக்கான செலவு உறுதியில்லை.

2020 தொடக்கத்தில் பயிற்சிக்காக மலேசியா போனவர் ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார். உடற்பயிற்சிக் கூடங்கள் மூடிக் கிடந்தன. ஒரு மூங்கில் கம்பை எடுத்து, அதன் இரு முனையிலும் பெரிய தண்ணீர்ப் புட்டிகளைத் தொங்கவிட்டு, அதைத் தோளுக்கு மேல் தூக்கிப் பழகினார். இரும்புக் கம்பியில் மாட்டிய எடைத்தட்டு அசையாது. புட்டிக்குள் இருக்கும் தண்ணீர் ஆடும், கம்பை ஒரு பக்கம் இழுக்கும். சமாளிக்க இடுப்பும் முதுகும் இருமடங்கு உழைக்க வேண்டும். மலேசியாவிலேயே ஓராண்டுக்கு மேல் போயிற்று. 2021 ஜூலை 26ஆம் தேதி டோக்கியோவில் 55 கிலோ பிரிவின் கடைசிக் கட்டம். சீனாவின் லியாவ் 126 கிலோவைத் தூக்கி முன்னால் போய்விட்டார். ஹிடிலினுக்கு ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம். 127 கிலோ கேட்டார். தூக்கினார். மொத்தம் 224 கிலோ, ஒலிம்பிக் சாதனை. லியாவை விட ஒரே ஒரு கிலோ கூடுதல்.

பிறகு கொட்டியது பாருங்கள் பரிசு. சட்டப்படி 1 கோடி பெசோ. தொழிலதிபர்கள் கோடிகள் தந்தார்கள். அடுக்குமாடி வீடு, கார், விமான நிறுவனங்களின் இலவசப் பயணம். எல்லாம் அவர் உழைப்புக்குத் தகும். நான் ஒன்றைக்கூடக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 1 கோடியில் ஒரு பங்கு 2019இல் மாதச் சம்பளமாக வந்திருந்தால், உதவி கேட்டுக் கூசி நிற்கும் நிலை அவருக்கு வந்திருக்காது. அந்த ஒரு கிலோ தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

2015இல் இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது, குடியரசுச் சட்டம் 10699. ஒலிம்பிக் தங்கத்துக்கு 1 கோடி பெசோ, வெள்ளிக்கு 50 லட்சம், வெண்கலத்துக்கு 20 லட்சம் என்று அது தொகை குறிக்கிறது. தேசிய வீரர்களுக்குப் போக்குவரத்து, மருந்து, உணவு போன்றவற்றில் 20 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. ஆண், பெண் என்று அந்தச் சட்டம் பேதம் பார்க்கவில்லை. நல்ல சட்டம்தான். ஆனால் பரிசு என்பது வென்ற பிறகு வருவது; வெல்வதற்கு முந்தைய எட்டு, பத்து ஆண்டுகள்தான் செலவு மிகுந்தவை. தேசிய அணியில் இருப்பவர்களுக்கு விளையாட்டு ஆணையம் மாதப்படி தருகிறது. அணியிலிருந்து விலக்கப்பட்டால் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் அங்கே பல வீராங்கனைகள் சீருடை போடுகிறார்கள். ஹிடிலின் விமானப் படையில் சேர்ந்தவர். டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் வென்ற குத்துச்சண்டை வீராங்கனை நெஸ்தி பெதேசியோ கடலோரக் காவல்படையில் இருக்கிறார். நாட்டைக் காக்க வேண்டும் என்ற ஆர்வம் அவர்களுக்கு இருக்கலாம். மாதம் தவறாமல் சம்பளம் வரும் இடம் அதுதான் என்பதும் உண்மை.

ஆண்களுக்கு இந்த நெருக்கடி இல்லையா என்று கேட்பீர்கள். ஏழை ஆண்களுக்கும் உண்டு. ஆனால் அவர்களுக்கு வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் ஒலிம்பிக்கில் சண்டையிட்டதே இல்லை. தெருவிலிருந்து தொழில்முறை வளையத்துக்குப் போய், லாஸ் வேகஸில் சண்டையிட்டுக் கோடீஸ்வரர் ஆனார். நெஸ்திக்கு அந்த வழி இல்லை. ஜோசி கபுகோ என்றொரு பெண் 2012இல் உலக அமெச்சூர் குத்துச்சண்டைச் சாம்பியன் ஆனார், 48 கிலோ பிரிவில். அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்த்தார்கள். சேர்த்த மூன்று பிரிவுகளில் 48 கிலோ இல்லை. ஒலிம்பிக்கிலும் இடமில்லை, தொழில்முறையிலும் சந்தை இல்லை. உலகச் சாம்பியனான ஒரு பெண் அதற்கு மேல் எங்கே போவது?

கூடைப்பந்துக்கு வருகிறேன். அந்த நாட்டில் கூடைப்பந்து விளையாட்டு மட்டும் அல்ல, அன்றாட வாழ்க்கை. எந்தச் சந்துக்குப் போனாலும் ஒரு வளையம் கட்டியிருக்கும். 1975இல் தொடங்கிய பிபிஏ, ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். ஊர்ப் பெயரில் அணிகள் இல்லை, நிறுவனங்களின் பெயரில்தான் அணிகள். பீர், மின்சாரம், தொலைபேசி, நெடுஞ்சாலை என்று ஒவ்வொன்றும் ஒரு வணிகச் சின்னம். சான் மிகேல் குழுமத்திடம் மட்டும் மூன்று அணிகள். போட்டிக் குழுமம் ஒன்றிடமும் மூன்று. ஆண்டுதோறும் கல்லூரி முடித்த பையன்களை வரிசையாக அழைத்து ஒப்பந்தம் போடுகிறார்கள்.

பெண்களுக்கு? பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான யுஏஏபி போட்டியில் நேஷனல் யுனிவர்சிட்டி பெண்கள் அணி தொடர்ச்சியாக 108 ஆட்டங்கள் வென்றது. 108! எந்த நாட்டிலும் எந்த விளையாட்டிலும் தலைப்புச் செய்தியாக வேண்டிய கணக்கு. பெண்கள் தேசிய அணி 2019இல் சொந்த நாட்டில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் முதன்முதலாகத் தங்கம் வென்றது. அடுத்த போட்டியிலும் வென்றது. அந்தப் பெண்கள் பட்டம் வாங்கிய மறுநாள் எங்கே போய் ஆடுவது? 2019இல் பெண்களுக்கென ஒரு தேசிய லீக் தொடங்கினார்கள். 2021இல் தொழில்முறை லீகாக ஆடினார்கள். அது நிலைக்கவில்லை. 2025இல் மாகாண அணிகளின் லீக் ஒன்று பெண்கள் தொடரை ஆரம்பித்திருக்கிறது. அது தழைக்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். 108 வெற்றிகளில் பெரும்பங்கு வகித்த ஜாக் அனிமாம் தைவானுக்குப் போனார், செர்பியாவுக்குப் போனார். அங்கே முழங்கால் தசைநார் அறுந்தது. குணமாகி மறுபடியும் வெளிநாட்டு அணிகளுக்குத்தான் ஆடப் போனார். உள்நாட்டில் ஆட இடமிருந்து அவர் போயிருந்தால் அது ஒரு வீராங்கனையின் உயர்வு. இடமில்லாமல் போனது வேறு கதை.

உலகம் முழுவதும் செவிலியராகவும் வீட்டுப் பணியாளராகவும் கப்பல் ஊழியராகவும் வேலைக்குப் போகும் மக்கள் பிலிப்பைன்ஸ் மக்கள். அரசு விழா மேடைகளில் அவர்களைப் புதிய வீரர்கள் என்று புகழ்வது வழக்கம். அங்கத்திய வீராங்கனைகளையும் நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன். சிங்கப்பூருக்குப் போன லிடியா, ஜப்பானின் அகேயோ அணிக்குப் போன வாலிபால் வீராங்கனை ஜாஜா சான்டியாகோ, பல நாடு சுற்றிய அனிமாம் எல்லோரும் வேலை தேடிப் புலம்பெயர்ந்த பெண்கள். கோல்ஃபில் யூகா சாசோ 2021இல் அமெரிக்க மகளிர் ஓப்பன் வென்றபோது பிலிப்பைன்ஸ் கொடியின் கீழ் ஆடினார். மேஜர் பட்டம் வென்ற முதல் பிலிப்பைன்ஸ் வீரர் அவர், ஆண்களையும் சேர்த்து. அப்பா ஜப்பானியர், அம்மா பிலிப்பைன்ஸ்காரர். இரண்டில் ஒரு குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது ஜப்பானைத் தேர்ந்தெடுத்தார். 2024இல் அதே பட்டத்தை மறுபடியும் வென்றார், ஜப்பான் வீராங்கனையாக. அவர் ஏற்கெனவே ஆடிச் சம்பாதித்துக்கொண்டிருந்த தொழில்முறைப் போட்டிகள் ஜப்பானில் இருந்தன. அந்தப் பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது.

கால்பந்தும் இதையே வேறு கோணத்தில் காட்டுகிறது. 2022 ஜனவரியில் நம் புனே நகரத்தில் நடந்த ஆசியக் கோப்பைக் காலிறுதியில் தைவானைப் பெனால்ட்டியில் வீழ்த்தி, பிலிப்பைன்ஸ் பெண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். 2023 ஜூலை 25ஆம் தேதி வெலிங்டனில், போட்டியை நடத்திய நியூசிலாந்தையே 1-0 என்று வென்றார்கள். கோல் அடித்தவர் சரீனா போல்டன். அவர் கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவர். அணியில் பெரும்பாலோர் அப்படித்தான். அமெரிக்காவில் 1972இல் வந்த ஒரு கல்விச் சட்டம் பள்ளி, கல்லூரி விளையாட்டில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரச் சொன்னது; அதில் விளைந்தவர்கள் அந்தப் பெண்கள். இன்னா பலாசியோஸ் போல உள்நாட்டுக் கல்லூரிகளில் ஆடி வந்தவர்கள் சிலரே. அமெரிக்கா வளர்த்துக் கொடுத்த வெற்றியைக் கொண்டாடுவதில் தவறில்லை. மிண்டனாவோ தீவில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் சிறுமிக்கு அந்த வெற்றி என்ன தந்தது என்றும் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு வெற்றிக்கதை இருக்கிறது. வாலிபால். 2004இல் ஒரு பீட்சா நிறுவனத்தின் ஆதரவில் கல்லூரிப் பெண்களுக்காகத் தொடங்கிய போட்டி, கூட்டத்தைச் சேர்த்தது, தொலைக்காட்சிக்கு வந்தது. அலிசா வால்டெஸ் போன்ற கல்லூரி நட்சத்திரங்கள் சினிமா நடிகைகளுக்கு இணையாகப் புகழ்பெற்றார்கள். ஆனால் பதினாறு ஆண்டுகள் அது தொழில்முறைப் போட்டி அல்ல. விளம்பரம் இருந்தது, நேரடி ஒளிபரப்பு இருந்தது. வீராங்கனையின் ஒப்பந்தத்தைக் கேட்க அரசு வாரியம் எதுவும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தொழில்முறை லீகுகளுக்கு மட்டும் மைதானம் திரும்ப அனுமதி கொடுத்தார்கள். அந்த நெருக்கடியில்தான் 2020 நவம்பரில், இன்று பிவிஎல் என்று அழைக்கப்படும் அந்தப் போட்டி தன்னைத் தொழில்முறை லீக் என்று அறிவித்தது. ஆண்கள் கூடைப்பந்துக்கு 1975இல் கிடைத்தது பெண்கள் வாலிபாலுக்குக் கிடைக்க 45 ஆண்டு ஆனது.

மறுஆண்டு வடகோடியில் பக்காரா என்ற சிற்றூரில் வெளியார் யாரையும் விடாமல் முதல் தொழில்முறைத் தொடரை நடத்தினார்கள். 2023 டிசம்பரில் மெட்ரோ மணிலாவின் அரனெட்டா அரங்கில் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டம் 24,000க்கும் மேல். பெண்கள் விளையாட்டுக்குப் பார்வையாளர் வரமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் அந்த அரங்கத்தின் புகைப்படத்தைப் பார்க்கட்டும். 2024இல் கல்லூரி முடித்த பெண்களை வரிசையாக அழைத்து அணிகளில் சேர்க்கும் முறையும் வந்துவிட்டது. ஆண்களுக்கு நடப்பதைப் போலவே.

ஆனாலும் இதை முழு வெற்றி என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிபிஏ போலவே இங்கும் அணிகள் நிறுவனங்களின் சொத்து. ஐஸ்கிரீம், சாக்லேட், தொலைபேசி. விளம்பரச் செலவின் ஒரு பகுதியாகத்தான் அணியை நடத்துகிறார்கள். நிறுவனம் மனம் மாறினால் அணி மறைந்துவிடும். அரங்கத்தில் 24,000 பேர் கூடிய அதே டிசம்பரில், பல கோப்பைகள் வென்ற எஃப்2 லாஜிஸ்டிக்ஸ் அணி கலைந்தது. அத்தனை வீராங்கனைகளும் புது இடம் தேடினார்கள். பத்துப் பன்னிரண்டு அணி, அணிக்குப் பதினான்கு, பதினைந்து பேர் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் இருநூறு பேருக்குக்கூட வேலை இல்லை. 11 கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாட்டில் பெண்களுக்கு நிலைத்து நிற்கும் ஒரே அணி விளையாட்டுத் தொழில் இது. ஓய்வு பெற்ற பிறகு பயிற்சியாளர் ஆகலாம் என்றால், பெண்கள் அணிகளுக்கும் தலைமைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஆண்களே.

டென்னிஸில் அலெக்ஸ் ஈலா எழுந்து வந்திருக்கிறாரே என்பீர்கள். 2025 மயாமி ஓப்பனில் முன்னணி வீராங்கனை ஸ்வியாதெக்கை வீழ்த்தி அரையிறுதி வரை போனார். பார்க்கப் பார்க்க மகிழ்ச்சி. அவர் சிறுவயதிலேயே ஸ்பெயினுக்குப் போய், நடால் அகாடமியில் வளர்ந்தவர். அம்மா தென்கிழக்கு ஆசியப் போட்டியில் பதக்கம் வென்ற நீச்சல் வீராங்கனை. அவர் திறமை அவருடையதே. அந்தப் பாதையோ நாடு போட்டுக் கொடுத்தது அல்ல.

இப்போது சட்டத்தின் இடத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் குறை அங்கே தெளிவாகத் தெரிகிறது. 2009இல் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றம் பெண்களின் மகாசாசனம் என்ற பெயரில் ஒரு சட்டம் இயற்றியது. நம் நாட்டிலேயே இல்லாத அளவுக்கு விரிவான சட்டம். விளையாட்டுக்குத் தனிப் பிரிவு வைத்து, ஒரே விளையாட்டில் வென்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு பரிசுத்தொகை தரக்கூடாது என்கிறது. படிக்கும்போது பெருமையாக இருக்கிறது. ஆனால் சமப் பரிசு கொடுக்க முதலில் போட்டி இருக்க வேண்டும். பெண்களுக்கு லீகே இல்லாத விளையாட்டில் எதைச் சமப்படுத்துவது? லீக் நடத்தாதவரை அந்தச் சட்டத்தை மீறியவர் என்று யாரும் இல்லை. பெண்கள் லீக் தொடங்கத் தயங்குகிறவர் மீது ஒரு கேள்வியும் எழாது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிபிஏவில் அணி வைத்திருக்கும் ஒவ்வொரு குழுமமும் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணியையும் நடத்த வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக வைக்கலாம். மூன்று அணிகள் நடத்தும் குழுமத்துக்கு நான்காவது பெரிய சுமை அல்ல. அணி கலைந்தால் வீராங்கனைகளுக்குச் சில மாதச் சம்பளம் தருவதற்கு முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்கலாம். ஒலிம்பிக் தங்கத்துக்கு ஒதுக்கும் கோடிகளில் ஒரு பகுதியைத் தேசிய அணிப் பெண்களின் மாதச் சம்பளமாக, ஓய்வூதியக் கணக்கோடு, மாற்றலாம். பேறுகாலத்தில் அணியிலிருந்து பெயரை எடுக்கக்கூடாது என்றும் எழுதலாம். எதற்கும் புதிதாகப் பணம் அச்சடிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஓர் எடுத்துக்காட்டு. பாரிஸ் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலின் 59 கிலோ பிரிவில் செபு நகரத்தின் எல்ரீன் ஆண்டோ ஆறாவது இடம் பிடித்தார். அந்தப் போட்டியில் அவருக்கு முன்னால் வந்தவர்கள் ஐந்து பேர்தான். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒலிம்பிக் பட்டியலில் ஆறாவது இடத்துக்கு எந்தத் தொகையும் குறிக்கப்படவில்லை.

மாணவியரே, உங்களில் சிலர் நாளைக்கு விளையாட்டு அலுவலர் ஆவீர்கள், சிலர் சங்கங்களின் பொறுப்புக்கு வருவீர்கள், சிலர் பள்ளிகளில் பெண் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போவீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஊரானாலும், எந்த விளையாட்டானாலும், வென்றவளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்குக் காட்டும்போது, ஆறாவதாக வந்தவள் இந்த மாதம் எதை வைத்து வாடகை கட்டினாள் என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.